எடிட்டிங் சிஸ்டம்: எந்த இடத்தில் காசு போட வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: "லேப்டாப் திணறுது, லட்சக்கணக்கில் போட்டுப் பெரிய சிஸ்டம் வாங்கிடலாமா?" அவசரப்படாதீர்கள். முதலில் கோப்பைப் பாருங்கள்.

கேமராவும் போனும் தருவது பெரும்பாலும் எச்.264, எச்.265 என்ற சுருக்கப்பட்ட வீடியோ கோப்புகள். இவற்றில் வழக்கமாக ஒவ்வொரு ஃப்ரேமும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படமும், முழுப் படமாக இருக்காது. மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1ஆம் தேதி மொத்தப் பாக்கி எழுதியிருக்கும். அப்புறம் அன்றன்று வாங்கியது மட்டும்தான். 20ஆம் தேதி பாக்கி எவ்வளவு என்றால், முதலிலிருந்து கூட்ட வேண்டும். தாலி கட்டும் ஷாட்டில் ஒரே ஒரு ஃப்ரேம் பின்னால் போனாலும் கம்ப்யூட்டர் அப்படித்தான் கூட்டுகிறது. நாலு கேமரா சேர்ந்து ஓடினால் நாலு நோட்டு!

ஸ்டுடியோவில் புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற எடிட்டிங்குக்கான கோப்பு வகைகளை வைத்து வேலை நடக்கும். அதில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுசு. கூட்டும் வேலை இல்லாததால் பிராசஸர் பிழைத்தது; கோப்பு பெரிதாவதால் டிஸ்க் மாட்டிக்கொண்டது. 4கே, 25 ஃப்ரேம், புரோரெஸில் உயர்தரமான 422 எச்க்யூ என்றால் விநாடிக்குச் சுமார் 92 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 330 ஜிபி. நாலு கேமராவுக்கு விநாடிக்கு 370 எம்பி தேவை. தனி ஹார்ட் டிஸ்க் 200 தருவதே பெரிய விஷயம். பல டிஸ்குகளைச் சேர்த்த ரெய்டு ஸ்டோரேஜுக்கு அவர்கள் செலவு செய்வது இதற்காகத்தான்.

நமக்கு வழி ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்யும்போது மட்டும் அசலுக்குப் பதிலாக ஓடும் சின்ன நகல் கோப்பு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இந்த வசதி இருக்கிறது. கிளிப்புகள் இருக்கும் மீடியா பூல் பகுதியில் அவற்றைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து, ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா கொடுங்கள். மேக்கில் புரோரெஸ் ப்ராக்ஸி, விண்டோஸில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி. 1080 அளவில் விநாடிக்கு 5 எம்பிதான், திரும்பச் சொல்கிறேன், வெறும் 5! பழைய லேப்டாப்பும் தாங்கும். ஆனால் இறுதி வீடியோவை எடுக்கும் டெலிவர் பக்கத்தில் யூஸ் ப்ராக்ஸி மீடியா டிக் ஆகியிருந்தால், அந்தச் சின்னக் கோப்பிலிருந்தே இறுதிப் படம் வந்துவிடும். ரெண்டருக்கு, அதாவது இறுதிக் கோப்பை உருவாக்குவதற்கு முன், பார்த்து அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

போனில் எடுத்ததில் ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கும். போகப் போக நாதஸ்வரச் சத்தம் படத்தோடு ஒட்டாது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டாக (ஒரே சீரான வேகமாக) மாற்றிய பிறகே டைம்லைனுக்குக் கொண்டு வாருங்கள்.

பெரிய சிஸ்டம் கட்டாயம் வேண்டியது பல எடிட்டர்கள் ஒரே படத்தில் உட்காரும்போது. அவிட் மீடியா கம்போஸர் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிளிப்புகளை வைக்கும் ஃபோல்டருக்கு 'பின்' (bin) என்று பெயர். ஒருவர் திறந்து வேலை செய்யும் பின்னை மற்றவர் பார்க்கலாம், மாற்ற முடியாது. ஒருவர் வேலையை இன்னொருவர் அழிக்கும் பேச்சே இல்லை.

நேரம் முடியப்போகிறது, கலர் பற்றி ஒன்று மட்டும். லேப்டாப் திரையை நம்பி அரக்குப் புடவையின் நிறத்தைத் திருத்தாதீர்கள். அளவீடு செய்த மானிட்டர் இல்லையென்றால், முகத்தை மட்டும் மாஸ்க் செய்து (தனியாகப் பிரித்து), நிறத்தை அளந்து காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் அது ஸ்கின் டோன் (தோல் நிற) கோட்டை ஒட்டி விழுகிறதா என்று பாருங்கள். நன்றி, வணக்கம்.