சமநிலையால் பிழைத்த அணி

அவையோருக்கு வணக்கம்.

கால்பந்தைப் பற்றிப் பேசச் சொன்னால் கோப்பை வென்றவர்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நான் 17ஆவது இடத்தில் முடித்த ஓர் அணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில், 2022-23 பருவத்தில், லிவர்பூல் நகரத்து எவர்டன் அணி பெற்ற இடம் அது. இருபது அணிகளில் கடைசி மூன்றும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும். ஆகவே 17ஆவது இடம்தான் உயிர் பிழைத்தவர்களின் வரிசையில் கடைசி இடம்.

தரமிறக்கம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று விளங்காது. 2025 ஐபிஎல் தொடரில் சென்னை சூப்பர் கிங்ஸ் கடைசி இடத்தில் முடித்தது. வருத்தப்பட்டோம், திட்டினோம். ஆனால் அடுத்த ஆண்டும் அதே தொடரில் அதே மும்பையோடு மோதுவோம் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. இங்கிலாந்துக் கால்பந்தில் அப்படி இல்லை. கடைசி மூன்று இடங்களில் முடித்தால் தொலைக்காட்சி வருமானத்தின் பெரும்பகுதி போய்விடும். ஈடுகட்ட மூன்று ஆண்டுகள் வரை ஓர் உதவித்தொகை தருவார்கள். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு குறையும். நல்ல வீரர்கள் விலகுவார்கள். அலுவலகத்திலும் சமையலறையிலும் வேலை செய்பவர்கள் தங்கள் வேலை நிலைக்குமா என்று பயப்படுவார்கள். திரும்பி மேலே வர ஓர் ஆண்டு ஆகலாம், பதினைந்து ஆண்டுகளும் ஆகலாம்.

எவர்டன் சாதாரண அணி அல்ல. ஒன்பது முறை லீக் பட்டம் வென்ற அணி. 1888இல் இங்கிலாந்தின் கால்பந்து லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டு கழகங்களில் ஒன்று. 1954 முதல் ஒருமுறைகூடக் கீழே இறங்காத அணி. 2023 மே மாதத்தில் இந்த வரலாறு முழுவதும் ஒரே ஒரு பிற்பகலில் ஊசலாடியது. அந்த அணி எப்படித் தப்பியது?

மனவலிமை, போராட்டக் குணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அந்த விடையில் நிறைவு இல்லை. கீழே போன அணிகளுக்கு மட்டும் மனவலிமை இல்லாமலா போயிற்று? புள்ளிப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்போம்.

வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று. அந்தப் பருவத்தில் எவர்டன் 38 ஆட்டங்களில் 8 வெற்றி பெற்று, 36 புள்ளிகளோடு முடித்தது. 18ஆவது இடத்தில் முடித்துக் கீழே போன லெஸ்டர் சிட்டி 9 வெற்றி பெற்றிருந்தது. ஆம், எவர்டனைவிட ஒரு வெற்றி அதிகம். லெஸ்டர் அடித்த கோல்கள் 51; எவர்டன் அடித்தவை வெறும் 34. அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வேறுபாடான கோல் வித்தியாசத்திலும் லெஸ்டர்தான் மேல். அதிகம் வென்ற, அதிகம் அடித்த அணி இறங்கியது. குறைவாக வென்ற, குறைவாக அடித்த அணி தங்கியது. காரணம் ஒரே ஒரு கட்டத்தில் இருக்கிறது: எவர்டன் 12 ஆட்டங்களைச் சமநிலையில் முடித்தது, லெஸ்டர் 7 ஆட்டங்களை.

சமநிலையை நாம் யாரும் மதிப்பதில்லை. "டிராதானே" என்று எழுந்து போய்விடுகிறோம். பட்டம் வெல்ல நினைக்கும் அணிக்குச் சமநிலை என்பது இரண்டு புள்ளி நட்டம். அடிமட்டத்தில் இருக்கும் அணிக்கு அதே சமநிலை ஒரு புள்ளி லாபம். தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தைச் சமநிலைக்கு இழுத்து வருவது எப்படிப்பட்ட வேலை என்பதை இந்த எவர்டனிடம் பார்க்கலாம்.

ஜனவரி இறுதியில் ஷான் டைச் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது அணி 20 ஆட்டங்களில் 15 புள்ளிகளோடு 19ஆவது இடத்தில் கிடந்தது. அவருடைய முதல் ஆட்டமே அப்போது முதலிடத்தில் இருந்த ஆர்சனலோடு. கார்னரிலிருந்து வந்த பந்தை டார்க்கோவ்ஸ்கி தலையால் முட்டி உள்ளே தள்ள, 1-0 வெற்றி. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்த வெற்றியைத்தான். நான் நினைவில் வைத்திருப்பது அதன் பிறகு வந்த மூன்று சமநிலைகளை.

மார்ச் மாதம் செல்சி மைதானத்தில் 2-1 என்று பின்தங்கியிருந்தார்கள். 89ஆவது நிமிடத்தில் எல்லிஸ் சிம்ஸ் என்ற இளம் வீரர் சமன் செய்தார். பிரீமியர் லீக்கில் அவருடைய முதல் கோல் அது. ஏப்ரல் தொடக்கத்தில் டாட்டனமுக்கு எதிரான ஆட்டம். எவர்டனின் டூகூரே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியிருந்தார். தற்காப்பு வீரர் மைக்கேல் கீன் செய்த தவறால் டாட்டனமுக்குப் பெனால்டி கிடைத்து, அவர்கள் முன்னிலை பெற்றிருந்தார்கள். அதே மைக்கேல் கீன் 90ஆவது நிமிடத்தில் வெகு தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் பாய்ந்தது. மே மாதம் உல்வ்ஸ் மைதானத்தில் 90 நிமிடங்கள் முடிந்து, கூடுதல் நேரத்திலும் ஒன்பதாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தபோது யெர்ரி மீனா சமன் செய்தார்.

இப்போது ஒரு கணக்கு. இந்த மூன்று கோல்களும் தலைக்கு ஒரு புள்ளி தந்தன. பருவ முடிவில் எவர்டனுக்கும் லெஸ்டருக்கும் இருந்த இடைவெளி இரண்டே புள்ளி. மூன்றில் ஏதாவது இரண்டு கோல்கள் விழாமல் போயிருந்தால் இரு அணிகளும் 34 புள்ளியில் நின்றிருக்கும். கோல் வித்தியாசத்தில் எவர்டன் இறங்கியிருக்கும். தோல்வி உறுதி என்று பார்வையாளர்கள் சிலர் படியிறங்கத் தொடங்கும் அந்தக் கடைசி நிமிடங்களில்தான் ஒரு கழகத்தின் எழுபதாண்டுப் பெருமை காப்பாற்றப்பட்டது.

இதைவிட முக்கியமான சமநிலை ஒன்றும் உண்டு. மே 1, லெஸ்டர் மைதானம். தரமிறக்கத்தோடு போராடும் இரண்டு அணிகள் நேருக்கு நேர். இத்தகைய ஆட்டத்தை அங்கே ஆறு புள்ளி ஆட்டம் என்பார்கள். வென்றால் மூன்று புள்ளி நமக்குக் கிடைப்பதோடு, எதிரிக்குக் கிடைக்கவேண்டிய மூன்றும் கிடைக்காமல் போகிறது. லெஸ்டர் 2-1 என்று முன்னிலை. இடைவேளைக்குச் சற்று முன் லெஸ்டருக்குப் பெனால்டி. அடிக்க வந்தவர் ஜேம்ஸ் மாடிசன், அணியின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர். எவர்டனின் கோல்காப்பாளர் ஜோர்டன் பிக்ஃபோர்டு எந்தப் பக்கமும் பாயவில்லை. எதிரணியினர் பெனால்டியை எந்தத் திசையில் அடிப்பார்கள் என்று தண்ணீர்ப் புட்டியில் குறித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ளவர் அவர். நடுவிலேயே நின்றார். பந்து நடுவில் வந்தது, தடுத்தார். இரண்டாம் பாதியில் இவோபி சமன் செய்ய, ஆட்டம் 2-2 என்று முடிந்தது. அன்று லெஸ்டர் வென்றிருந்தால் இறுதிக் கணக்கில் லெஸ்டருக்கு 36, எவர்டனுக்கு 35. இடம் மாறியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசி நாள் மே 28. சொந்த மைதானமான குடிசன் பார்க்கில் போர்ன்மவுத்தோடு ஆட்டம். முதன்மைக் கோலடிப்பாளர் கால்வர்ட்-லூயின் காயத்தால் ஆடவில்லை. அங்கே லெஸ்டர் தன் ஆட்டத்தை வென்றுகொண்டிருந்தது, ஆகவே இங்கே சமநிலை போதாது. பருவம் முழுவதும் சமநிலையால் உயிர் பிழைத்த அணிக்குக் கடைசி நாளில் வெற்றியே வேண்டும் என்ற நிலை. 57ஆவது நிமிடத்தில் டூகூரே அடித்த அடி உள்ளே போனது. 1-0. லெஸ்டரும் லீட்ஸும் சவுத்ஹாம்ப்டனும் இறங்கின. ஏழு ஆண்டுகளுக்கு முன் இதே லெஸ்டர்தான் இங்கிலாந்தின் சாம்பியன். அவர்களுடைய ரசிகர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கிறது.

அப்படியானால் கோல் வாங்காமல் தடுக்கும் அணிகள்தான் தப்புமா என்று கேட்பீர்கள். எப்போதும் அப்படி இல்லை. அதே பருவத்தில் போர்ன்மவுத் 71 கோல்கள் வாங்கியும் தப்பியது. அதில் ஒன்பது கோல்கள் லிவர்பூலிடம் ஒரே நாளில் வாங்கியவை. ஒன்பது கோல் வாங்கித் தோற்றாலும் போவது மூன்று புள்ளிதான். அந்த அவமானத்திலிருந்து எழுந்து வந்து 11 ஆட்டங்களை வென்றார்கள். ஆனால் பொதுவாகக் கணக்கு மறுபக்கம்தான் சாய்கிறது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைசி இடத்தில் இருந்தது உல்வ்ஸ். பருவம் முழுவதும் அவர்கள் அடித்தது 31 கோல், லீக்கிலேயே மிகக் குறைவு. முடித்த இடம் 13. லீட்ஸ் 48 கோல் அடித்தது, 78 வாங்கியது, இறங்கியது.

அடுத்த பருவத்தில் எவர்டனுக்கு வந்த சோதனை வேறு வகை. மூன்று ஆண்டுகளில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக்கூடாது என்பது லீக்கின் அப்போதைய விதி. எவர்டன் அதை 19.5 மில்லியன் தாண்டிவிட்டது என்று 2023 நவம்பரில் 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் பிப்ரவரியில் அது 6 ஆகக் குறைந்தது. ஏப்ரலில், மற்றொரு காலகட்டத்துக்காக, மேலும் 2 போயிற்று. விதியை மீறியது உண்மை. தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே புள்ளிப்பட்டியலை மூன்று முறை திருத்தியது தவறு என்பது என் உறுதியான கருத்து. எவர்டன் ரசிகருக்கு மட்டுமல்ல, அதே தரமிறக்கப் போராட்டத்தில் இருந்த லூட்டன் அணியின் ரசிகருக்கும் தன் அணி எத்தனை புள்ளி பின்னால் நிற்கிறது என்று அறியும் உரிமை உண்டு. அந்த உரிமை அந்த ஆண்டு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வீரர்கள் மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்ததை நிர்வாகத்தின் கணக்குப் பிழை கொண்டுபோனதும் எனக்குக் கோபமூட்டுகிறது. பல ஆண்டுகளாக அணியில் பணத்தை வாரி இறைத்தவர்கள் மைதானத்தில் ஓடியவர்கள் அல்ல.

எட்டுப் புள்ளி இழந்தும் அந்தப் பருவத்தில் எவர்டன் 40 புள்ளியோடு 15ஆவது இடத்தில் முடித்தது. வாங்கிய கோல்கள் 51. ஆர்சனல், மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல் ஆகிய மூன்றுக்கு அடுத்தபடியாக லீக்கிலேயே குறைவு. அடித்தவை வெறும் 40. அதே ஆண்டு லூட்டன் டவுன் 52 கோல்கள் அடித்தது. பார்ப்பதற்கு இனிமையான, துணிச்சலான ஆட்டம். ஆனால் 85 வாங்கி, 26 புள்ளியோடு இறங்கியது. ஏப்ரலில் ஒரே வாரத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், லிவர்பூல், பிரென்ட்ஃபோர்டு மூன்றையும் வென்று எவர்டன் தன் இடத்தை உறுதி செய்தபோது, அந்த மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை.

டைச்சின் ஆட்டமுறை அழகில்லை என்று நொந்துகொண்டவர்கள் எவர்டன் ரசிகர்களிலேயே ஏராளம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாரம் முழுவதும் உழைத்துவிட்டு டிக்கெட் வாங்கி வருபவர் நல்ல ஆட்டத்தை எதிர்பார்ப்பது குற்றமா? ஆனால் அழகான ஆட்டத்தைக் கட்டியெழுப்ப ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளை அவர் வாங்கிக் கொடுத்தார் என்றே நான் பார்க்கிறேன். 2025 ஜனவரியில் டைச் போய், முன்பும் எவர்டனின் பயிற்சியாளராக இருந்த டேவிட் மோயஸ் திரும்பி வந்தபோது, மோயஸ் கையில் ஒப்படைக்கப்பட்டது முதல் பிரிவில் ஆடும் அணி. 2025 மே மாதம் குடிசன் பார்க்கில் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம் நடந்து, ஆற்றங்கரையில் எழுந்த புதிய மைதானத்துக்கு அவர்கள் குடிபெயர்ந்தபோதும் முதல் பிரிவு அணியாகவே போனார்கள்.

இந்தப் பருவத்தில் உங்களுக்குப் பிடித்த அணி பட்டியலின் அடியில் தவித்தால், மார்ச் மாதவாக்கில் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை ஆட்டங்களில் ஒரே கோலில் தோற்றிருக்கிறது? பின்தங்கிய ஆட்டங்களில் எத்தனையைச் சமன் செய்திருக்கிறது? தனக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு அணிகளோடு இன்னும் எத்தனை ஆட்டங்கள் மீதம் இருக்கின்றன, அவற்றில் எத்தனை சொந்த மைதானத்தில்? பெரிய அணிகளோடு வரும் ஆட்டங்களைப் பற்றி அதற்குப் பிறகு கவலைப்படலாம்.

முன்வரிசையில் ஒரு தம்பி நெடுநேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். லெஸ்டர் சட்டை அணிந்திருக்கிறார். அவருடைய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.