வெடித்த குமிழுக்குள் பிளாட்டினச் சுருள்

நேயர்களுக்கு வணக்கம். மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் பிரியும் இடத்தில் சுவர் நலிந்து குமிழ்போலப் புடைப்பதை அன்யூரிசம் என்கிறோம். அது வெடித்து வருபவர்கள், 'பிறந்ததிலிருந்து இப்படியொரு தலைவலி வந்ததில்லை' என்பார்கள். வெடித்த வாயை உறைந்த ரத்தம் தற்காலிகமாக அடைத்திருக்கும். அது மீண்டும் உடையும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருந்தவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

மண்டையோட்டைத் திறக்காமலே குமிழை அடைக்க, விடுவிக்கக்கூடிய பிளாட்டினச் சுருளை உருவாக்கியவர் இத்தாலியரான குய்தோ குக்லியெல்மி. லாஸ் ஏஞ்சலிஸில் 1990-இல் முதல் நோயாளிக்கு அது பயன்பட்டது. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே மைக்ரோகதீட்டர் என்ற மிக மெல்லிய குழாயைக் குமிழின் வாய்வரை கொண்டுசெல்கிறோம். அதற்கு முன், அதன் முனையை நீராவியில் காட்டி, அந்த நோயாளியின் குழாய் திரும்பும் கோணத்துக்கு ஏற்ப வளைத்துக்கொள்வோம். சுருள் தள்ளுகம்பியோடு இணைந்தே உள்ளே போகிறது. சரியாக அமையாவிட்டால் திரும்ப இழுத்துக்கொள்ளலாம், அமைந்த பிறகே சிறிதளவு மின்சாரம் செலுத்தி இணைப்பைக் கரைத்து விடுவிக்கிறோம்.

முதல் சுருள் கூடைபோலக் குமிழின் சுவரையொட்டி விரிய வேண்டும். பின்னால் வரும் சிறிய, மென்மையான சுருள்கள் அந்தக் கூடைக்குள்தான் அடைகின்றன. எவ்வளவு நெருக்கி அடைத்தாலும் உலோகம் நிரப்புவது பெரும்பாலும் கொள்ளளவில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குவரைதான். மீதியை உறையும் ரத்தமே நிரப்புகிறது. வெடித்த குமிழின் சுவர் ஈரக் காகிதம் போன்றது என்பதால், முனை அதில் முட்டாமல் நிற்க வேண்டும், இன்னும் ஒரு சுருளுக்கு இடமிருக்கிறதே என்ற ஆசையையும் அடக்க வேண்டும்.

வாய் அகன்ற குமிழில் சுருள் நழுவி வெளியே வந்துவிடும். அதைத் தடுக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க மருந்து தர வேண்டும். சற்றுமுன் மூளையில் ரத்தம் கசிந்தவருக்கு அது இருமுனைக் கத்தி. ஆகவே முடிந்தவரை வாயருகே பலூனை ஊதித் தாங்கிப் பிடிக்கவே நான் விரும்புகிறேன். நடுவில் குமிழ் கசிந்தாலும் அதே பலூன் ரத்தத்தை நிறுத்த உதவும்.

மண்டையோட்டைத் திறந்து குமிழின் அடியில் கிளிப் போடுவது, சுருள் வைப்பது ஆகிய இரண்டு சிகிச்சைக்கும் ஏற்ற 2143 நோயாளிகளிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் கிளிப் போட்டவர்களில் 30.6 சதவீதம், சுருள் வைத்தவர்களில் 23.7 சதவீதம். ஆனாலும் பெரிய ரத்தக்கட்டு மூளையை அழுத்தும்போது அறுவைச் சிகிச்சையே பெரும்பாலும் முந்துகிறது.

குமிழை அடைத்ததும் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று குடும்பத்தார் கேட்பார்கள். நான்காம் நாளிலிருந்து இரண்டு வாரம்வரை மூளைக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளக்கூடும் என்பதால், நிமோடிபின் மருந்து 21 நாள் தொடரும். பேச்சு குழறுகிறதா, ஒரு கை தளர்கிறதா என்று செவிலியர்கள் இரவிலும் எழுப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.