வெள்ளிக்கிழமைச் சொத்து

வணக்கம் நேயர்களே.

மட்டக்களப்பில் எங்கள் அம்மம்மா வீட்டில் சண்டை வந்தால், கோவித்துக்கொண்டு வெளியேறுவது அம்மப்பாதான். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி, நாலு வளவு தள்ளியிருந்த தன் தமக்கை வீட்டுக்குப் போய்விடுவார். இரண்டு நாள் போகும். பிறகு அம்மம்மா எங்களில் ஒருவரை அனுப்புவா. “மீன் குழம்பு வைச்சிருக்காம், வரட்டாம் எண்டு சொல்லு.” அவரும் ஒன்றும் நடக்காததுபோல வந்து சாப்பிட இருப்பார். அந்த வீடு அம்மம்மாவின் சீதனம். அதைவிட்டு அவ எங்கே போவா?

நான் யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையைக் கட்டிக் கொழும்புக்கு வந்த பிறகுதான், மற்ற இடங்களில் கோவித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவது பெண்கள் என்று பிடிபட்டது.

சண்டை வந்தால் யார் வெளியே போகவேண்டும்? கேட்கச் சின்ன விஷயம். இதைப் போன்ற கேள்விகளோடு அரை நூற்றாண்டுக்கு மேல் வேலை செய்த ஒருவரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். லீலா துபே. இந்தியாவின் சமூக மானிடவியலாளர். 1923 இல் பிறந்தவர், 2012 மே மாதம் காலமானார்.

அவர் தொடங்கிய காலத்தில் மானிடவியலாளர் ஒரு கிராமத்துக்குப் போனால் ஊர்ப் பெரியவர்களோடு இருந்து கதைப்பார், சாதி, கோயில், நிலம் எல்லாம் எழுதுவார், பெண்களுக்குக் ‘குடும்பம்’ என்று ஓர் அத்தியாயம் ஒதுக்குவார். லீலா துபே தன் முதல் ஆய்வையே சத்தீஸ்கரின் கோண்டுப் பெண்களைப் பற்றிச் செய்தார். கணவர் எஸ். சி. துபேயும் பேர்பெற்ற மானிடவியலாளர். ஒரே துறையில் அப்படி ஒரு கணவர் இருப்பது வசதியும்தான், நிழலும்தான். அந்த நிழலில் அவர் நின்றுவிடவில்லை. சாகர் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் படிப்பித்தார்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது லட்சத்தீவில் உள்ள கல்பேனி என்ற சின்னத் தீவு. அதைப் பற்றிய ‘தாய்வழி மரபும் இஸ்லாமும்’ என்ற நூல் 1969 இல் வந்தது. தீவில் எல்லோரும் முஸ்லிம்கள், பேசுவது மலையாளம். ஆனால் வம்சம் தாய்வழியாகப் போகிறது. பிள்ளைகள் தாயின் தறவாட்டை, அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அவர் ஆராய்ந்த காலத்தில் கணவன் இரவில் மனைவி வீட்டுக்கு வருவான், விடிந்ததும் தன் தாய் வீட்டுக்குப் போய்விடுவான். இரவு விருந்தாளி என்றே சொல்லலாம்.

சொத்தை அவர்கள் பிரித்து வைத்திருக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளிக்கிழமைச் சொத்து, திங்கட்கிழமைச் சொத்து என்று இரண்டு. வெள்ளிக்கிழமைச் சொத்து தறவாட்டுக்குப் பொது, தாய்வழியில் இறங்கும். திங்கட்கிழமைச் சொத்து ஒருவர் தானாக உழைத்துத் தேடியது, அது இஸ்லாமியச் சட்டப்படி பிள்ளைகளுக்குப் போகும். ஒரே தீவில், ஒரே வீட்டில் இரண்டு முறைகள். ஒன்றோடொன்று முட்டுப்பட்டாலும் சமாளித்துக்கொண்டு போகின்றன.

இதைப் பெண்ணாட்சி என்று நினைத்துவிடவேண்டாம். காணி பெண் வழியில் போனாலும் நிர்வாகம் தாய்மாமன் கையில், தறவாட்டுத் தலைவரான காரணவரின் கையில். அதை லீலா துபே மறைக்கவில்லை. ஆனால் மணமுறிவு வந்தாலும் கல்பேனிப் பெண் தெருவுக்கு வரமாட்டாள், அவள் நிற்கும் நிலம் அவளுடையது. ஒரு பெண் சட்டிபானையோடு கணவன் வீட்டுக்குப் பெயர்த்து நடப்படும் ஊரில் அவளுடைய குரல் ஒரு மாதிரி இருக்கும், நடப்படாத ஊரில் வேறு மாதிரி இருக்கும். அவருடைய மற்ற எழுத்துகளெல்லாம் ஒரு விதத்தில் இதன் விரிவுதான். 1997 இல் வந்த ‘பெண்களும் உறவுமுறையும்’ என்ற நூலில் தெற்காசியாவைத் தென்கிழக்காசியாவோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், யார் எதைச் சாப்பிடுகிறார்கள், யார் எவ்வளவு தூரம் தனியே போகலாம். இந்த மாதிரிக் கேள்விகள்தான் முழுக்க.

நம்முடைய சங்கதியைப் பாருங்கள். மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பக்கம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடி என்ற குலப்பிரிவு உண்டு, வீடு மகளுக்கு. யாழ்ப்பாணத்தில் தேசவழமை என்ற வழக்கச் சட்டம். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்து அதிகாரி 1706 இல் அதைத் தொகுத்து எழுதினார். பரம்பரையாக வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம், மணவாழ்வில் தேடிய தேடியதேட்டம் என்று அங்கே மூன்று கணக்கு. கல்பேனிக்காரருக்குக் கிழமை நாள், நமக்கு இந்தச் சொற்கள். என் கலியாணப் பேச்சிலேயே இரண்டு முறைகளும் மோதின. அவர்கள் பக்கம், “என்ன சீதனம், டொனேஷன் எவ்வளவு?” என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் அம்மம்மா கேட்டது ஒன்றுதான். “மாப்பிள்ளை இஞ்ச வந்து இருப்பாரா?” தரகர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற கட்டுரை, ‘விதையும் நிலமும்’. ஆண் விதை, பெண் நிலம் என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். லீலா துபே கேட்பது, சரி, அப்படியானால் விளைச்சல் யாருடையது? விதைத்தவனுடையது. நிலம் சுமக்கும், பாடுபடும், உரிமை கேட்காது. உடம்பைப் பற்றிய விளக்கம் மாதிரி நடமாடும் இந்த உவமை, உண்மையில் சொத்துக் கணக்கு பார்க்கிறது என்றார். நம் பெயருக்கு முன்னால் நிற்கிற முதலெழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாய்வழிக் குடி பேசும் மட்டக்களப்பிலும் அது தகப்பனுடையதுதான். அம்மம்மாவின் வளவில் பிறந்து வளர்ந்த எனக்கும் அதே.

பெண்பிள்ளை எப்படிப் பெண்ணாக வளர்க்கப்படுகிறாள் என்று 1988 இல் ஒரு கட்டுரை எழுதினார். காலை ஒடுக்கி இரு, சத்தமாகச் சிரிக்காதே, நீ இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். இந்திய உதாரணங்கள்தான். ஆனால் வெள்ளவத்தை மண்டபமொன்றில் சாமத்தியச் சடங்குக்குப் போய்விட்டு வந்து அதைப் படித்தால், வீடியோக்காரர் மட்டும்தான் புதிது என்று தோன்றும்.

அவர் வெறும் புத்தக ஆள் இல்லை. இந்தியாவில் பெண்களின் நிலையை ஆராய அரசு அமைத்த குழுவில் இருந்தார். 1974 இல் வந்த அதன் அறிக்கை பலரை உலுக்கியது. 1901 இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தார்கள், 1971 இல் அது 930. பெண்கள் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். 1980களில் வயிற்றில் இருப்பது பெண் என்று கண்டுபிடித்துக் கலைப்பது பரவியபோது, பொருளியல் பக்கத்திலிருந்து ஒரு வாதம் வந்தது. பெண்கள் குறைந்தால் அவர்களுடைய மதிப்பு கூடும், சீதனம் ஒழியும், சந்தையில் நடப்பது போல என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. லீலா துபே மறுத்து எழுதினார். பெண்கள் குறைந்தால் மதிப்பு கூடாது, கடத்தலும் வன்முறையும் ஒருத்தியைப் பலர் பங்குபோடுவதும்தான் கூடும் என்றார். உறவுமுறை தெரிந்தவரின் பதில் அது. பெண்ணைக் கொடுக்கிறதும் எடுக்கிறதும் ஆண்கள் கையில் இருக்கும்வரை, அவள் அரிதானால் லாபம் அவளுக்கு வராதே.

பிறகு நடந்தது தெரியும். ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 1991 இல் 945 பெண் பிள்ளைகள், 2001 இல் 927, 2011 இல் 919. ஹரியானாவில் காசு கொடுத்து வேறு மாநிலங்களிலிருந்து பெண்களைக் கொண்டுவருகிறார்கள்.

இவரை நான் படிக்கத் தொடங்கியது ஒரு நொத்தாரிசின் கந்தோரில் ஏற்பட்ட எரிச்சலால். அம்மம்மாவின் வளவில் ஒரு துண்டு அம்மா வழியாக எனக்கு வந்திருந்தது. அதைப் பெறாமகளுக்கு எழுதிக் கொடுக்க நினைத்து, பழைய உறுதியை பிஸ்கட் தகரத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். நொத்தாரிசு உறுதியைப் படித்துவிட்டு, “மிஸிஸ், கட்டினவர் எந்த ஊர்?” என்றார். சாவகச்சேரி என்றேன்.

“அப்ப அவரும் வந்து எழுத்தில் சம்மதம் தரவேணும்.”

மட்டக்களப்புக் காணி, அம்மம்மாவின் சீதனம், இவருக்கும் அதற்கும் என்ன? 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் எடுத்துக் காட்டினார். தேசவழமைக்குட்பட்ட ஆணைக் கட்டினால், அந்த மணம் நீடிக்கும்வரை மனைவியும் தேசவழமைக்குள் வந்துவிடுவாள். அப்படியான மனைவி, கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தன் காணியை விற்கவோ கொடுக்கவோ முடியாது. கலியாணத்தோடு நான் ஊர் மட்டும் மாறவில்லை, சட்டமும் மாறியிருக்கிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வளவை அவர் வாழ்நாளில் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறார். “இதில நான் என்னத்தைச் சம்மதிக்கிறது?” என்று சிரித்தபடி சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். அது எழுதவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.

நன்றி, வணக்கம்.