மழைக்குக் காத்திராத நுளம்பு

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு மலேரியா நுளம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "மலேரியாதான் நாட்டில் இல்லையே, பிறகென்ன பேச்சு?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றும் மலேரியா நின்றுபோனது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் போனது நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி மட்டும்தான். அதைச் சுமக்கும் அனோபிலிஸ் நுளம்பு எங்கேயும் போகவில்லை. நம்முடைய யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இருக்கிறது. போதாக்குறைக்குப் புதிதாக ஓர் இனமும் வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் பழைய நுளம்பின் கணக்கைச் சொல்கிறேன். நம் பக்கத்துக்கு மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்வது. மழை பெய்தால் நுளம்பு பெருகும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. அடைமழை கொட்டும்போது முட்டையும், அதிலிருந்து வரும் புழுவான குடம்பியும் வெள்ளத்தோடு அடித்துக்கொண்டு போய்விடும். நுளம்புக்கு வாய்ப்பானது மழை விட்ட பிறகு வரும் நாட்கள்தான். கல் அகழ்ந்த கிடங்கிலும், மண் எடுத்த குழியிலும், வயல் ஓரத்திலும், மாடு மிதித்த குளம்படியிலும் தண்ணீர் அசையாமல் நிற்கும், வெயிலும் படும். மலேரியாவை இலங்கையில் பெரும்பாலும் பரப்பி வந்த அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற இனத்துக்கு இப்படியான தெளிந்த தண்ணீர்தான் விருப்பம். சாக்கடையில் முட்டையிடுவது வேறு நுளம்பு. நம் வெப்பத்தில் முட்டை இறக்கை முளைத்துப் பறக்கக் கிட்டத்தட்ட பத்து நாட்கள் போதும். இரண்டு கிழமை வற்றாமல் நிற்கிற ஒரு குழி அதற்குத் தாராளம்.

அப்படியென்றால் ஐப்பசி மழைக்குக் கார்த்திகையிலேயே காய்ச்சல் உச்சத்துக்கு வர வேண்டுமே? வருவதில்லை. காய்ச்சல்காரர் ஒருவரைக் கடித்த நுளம்பு உடனே இன்னொருவருக்கு நோயைக் கொடுத்துவிட முடியாது. ஒட்டுண்ணி அதன் வயிற்றில் வளர்ந்து உமிழ்நீருக்கு வந்துசேர ஏறத்தாழ பத்து நாட்கள் வேண்டும். வைவக்ஸ் என்ற ஒட்டுண்ணி வகைக்குச் சற்றுக் குறைவு, பல்சிபாரம் வகைக்குச் சற்றுக் கூட. கடிபட்ட மனிதருக்குக் காய்ச்சல் காய மேலும் பத்துப் பதினான்கு நாட்கள். இப்படி ஒரு சுற்று முடிந்து, அடுத்த சுற்றும் முடிந்து ஆஸ்பத்திரியில் கூட்டம் சேரும்போது மார்கழி, தை ஆகிவிடும். வடக்கில் அந்தக் காலத்து மலேரியா மாதங்கள் அவைதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான நுளம்புகள் அந்தப் பத்து நாட்களைத் தாண்டுவதே இல்லை. ஆபத்தானது கிழட்டு நுளம்பு. நுளம்பு நீண்ட நாள் இருக்க ஈரக்காற்று வேண்டும். மார்கழியில் நாம் போர்வைக்குள் புகுந்துகொள்கிறோம், நுளம்புக்கோ அது சுகமான காலம். நம் ஊரில் குளிர் என்று சொல்வதெல்லாம் ஒட்டுண்ணியின் வளர்ச்சியை நிறுத்தும் அளவுக்குப் போவதில்லை. அதற்கு வெப்பநிலை 16, 18 பாகைக்குக் கீழே இறங்கி நிற்க வேண்டும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கி நிலமும் காற்றும் வறண்ட பிறகுதான் நிலைமை மாறும். குழிகள் வற்றும், நுளம்பின் ஆயுளும் குறுகும்.

சரி, மழை இல்லாவிட்டால் மலேரியா இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? அங்கேதான் 1934 வருகிறது. அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எந்நேரமும் கரைபுரண்டு ஓடுகிற களனி கங்கை, மகா ஓயா, தெதுரு ஓயா எல்லாம் ஓட்டம் நின்று, மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கின. நீர் பாய்ந்தோடும்போது தங்க முடியாத நுளம்புக்கு ஆற்றுப் படுகை முழுவதும் தொட்டிலாயிற்று. கேகாலை, குருநாகல் பக்கத்து மக்களுக்கு மலேரியா அவ்வளவு பழக்கமில்லை, உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. பற்றாக்குறைக்கு வறட்சியால் வந்த பட்டினி வேறு. 1935 நடுப்பகுதிக்குள் கிட்டத்தட்ட 80,000 பேர் இறந்துபோனார்கள். ஒரே நுளம்புதான். வரண்ட வலயத்தில் மழைக்குப் பின்னால் வந்தது, ஈர வலயத்தில் வறட்சிக்குப் பின்னால் வந்தது. நுளம்பு மழையையா பார்க்கிறது? தண்ணீர் அசையாமல் நிற்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லப்போகும் மற்றதற்கும் இதுதான் அடிப்படை.

குடாநாட்டில் சொல்லிக்கொள்ள ஆறு கிடையாது, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கை ஆற்றைத் தவிர. ஆனால் கடல்நீரேரிகள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்து உவர்நீரில் வளரும் அனோபிலிஸ் இனங்களும் உண்டு. உப்புத் தண்ணீரில் நுளம்பு வராது என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். போர்க்காலத்தில் இந்தப் பருவக் கணக்கோடு இடப்பெயர்வும் சேர்ந்துகொண்டது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தது சரியாக மாரி தொடங்கும் நேரம். தென்மராட்சியிலும் பிறகு வன்னியிலும் மரத்தடியிலும் கொட்டிலிலும் வலையில்லாமல் படுத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் இரண்டு இலட்சத்துக்கு மேல் மலேரியா நோயாளர்கள். 2012இல் உள்ளூரில் தொற்றியவர்கள் வெறும் 23 பேர். போர் நடந்த காலத்திலேயே பெருமளவு இறக்கிவிட்டார்கள் என்பது சாதாரண வேலை அல்ல.

இனிப் புதிய விருந்தாளிக்கு வருவோம். அனோபிலிஸ் ஸ்டெபென்சி. இந்தியாவில் நகரத்து மலேரியாவைப் பரப்புவது இதுதான். சென்னையில் கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் வளர்வதாகப் பல காலமாகத் தெரியும். 2016 கடைசியில் மன்னார்த் தீவில் இலங்கையில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். பிறகு யாழ்ப்பாண நகரத்திலும் அகப்பட்டது. வயலோ குளமோ ஆற்றுக் குட்டையோ இதற்குத் தேவையில்லை. மனிதன் சேர்த்து வைத்த தண்ணீர் போதும். வளவுக்கு ஒரு கிணறு என்று வாழ்கிற ஊரில் இதைவிட வசதி என்ன வேண்டும்?

நண்பகலில், சூரியன் நேர் உச்சிக்கு வரும்போது, பாவிக்காத ஒரு கிணற்றை எட்டிப் பாருங்கள். கட்டோடு ஒட்டிய நீரின் விளிம்பில் அரிசி நீளத்துக்குக் கூட வராத பழுப்புக் கோடுகள் மிதக்கும். தண்ணீரின் மேற்பரப்போடு படுத்தபடி, கிடையாக. கல் ஒன்று விழுந்தால் பின்பக்கமாக நெளிந்து மறையும், சற்று நேரத்தில் மேலே வரும். அது அனோபிலிஸ் குடம்பி. தலைகீழாகத் தொங்கினால் அது டெங்கு நுளம்பின் குடும்பமோ சாக்கடை நுளம்பின் குடும்பமோதான். அவற்றுக்கு வாலில் ஒரு மூச்சுக் குழல் உண்டு, அனோபிலிசுக்கு இல்லை. ஆகவேதான் படுத்துக்கொள்கிறது. வளர்ந்த பிறகு சுவரில் உட்கார்ந்தால் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், இது பொழுதுபட்ட பிறகு.

கிணறு கோடையில் இறங்குமே தவிரப் பெரும்பாலும் வற்றாது. அதனால்தான் சோளகக் காலத்தில் ஓய்ந்துபோகும் பழைய கணக்கு இந்த நுளம்புக்குப் பொருந்தாது. கோடையில் தண்ணீரைச் சேமித்து வைக்கிறோமே, அதுவே இன்னும் இடம் கொடுக்கிறது. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் 2012இல் இந்த இனம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வருடம் அங்கு 27 நோயாளர்கள். 2020இல் 73,000ஐத் தாண்டியது. எதியோப்பியாவின் திரே தாவா நகரத்தில் 2022இல் வெடித்தது வறட்சி மாதங்களில். அங்கே சுகாதாரத் துறையினர் மழைக்காலத்தைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள்.

என் கவலை ஆள் குடியிருக்கும் வீட்டுக் கிணறு பற்றியதல்ல. தண்ணீர் அள்ளுகிறோம், மோட்டர் போடுகிறோம், யாராவது எட்டிப் பார்க்கிறோம். வீட்டுக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, படலை பூட்டிக் கிடக்கும் வளவுகளின் கிணறுகளை யார் பார்ப்பது? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மதிலேறிக் குதிக்க முடியாது. தூர்த்துவிடச் சொல்பவர்களும் உண்டு. நான் அதற்கு உடன்பட மாட்டேன். சுண்ணக்கல்லுக்குள் இருக்கும் நிலத்தடி நீரை விட்டால் நமக்கு வேறு போக்கிடம் இல்லை. கிணற்றுக்கு மேலே நுண்ணிய வலை போடலாம், குடம்பியைத் தின்னும் கப்பி மீன் விடலாம். மருந்து தெளிக்காமல் குடிநீர்க் கிணற்றிலும் செய்யக்கூடியது மீன் விடுவதுதான். தாங்கிக்கு இடைவெளியில்லாத மூடி வேண்டும். வீதியில் புகை அடித்துக்கொண்டு போகும் வாகனம் பார்க்க நன்றாக இருக்கும், கிணற்றுக்குள் இருக்கும் குடம்பிக்கு அது ஒன்றும் செய்யாது.

நுளம்பு மட்டும் இருந்தால் மலேரியா வராது, ஒட்டுண்ணி வெளியிலிருந்து வர வேண்டும். 2018 கடைசியில் மொனராகலையில் அது நடந்தது. வெளிநாட்டிலிருந்து தொற்றோடு வந்த ஒருவரிடமிருந்து இங்குள்ள நுளம்பு வழியாக இன்னொருவருக்குப் போனது. உடனே பிடித்து நிறுத்தினார்கள். ஒவ்வொரு வருடமும் இப்படித் தொற்றோடு வருபவர்கள் இருக்கிறார்கள், இந்தியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும். யாத்திரை, வியாபாரம், வேலை என்று போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் மலேரியாத் தடுப்புப் பிரிவில் மாத்திரை கேட்டு வாங்கலாம். திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால், பயணத்தை வைத்தியரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். அவர் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். இன்றைய இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளரைப் பார்த்ததே இல்லை. டெங்குப் பரிசோதனையோடு மலேரியாவுக்கும் இரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வைவக்ஸ் ஈரலில் மறைந்திருந்து மாதங்கள் கழித்தும் எழும்பும் என்பதால், பயணம் போன வருடம் என்றாலும் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.