பாலையா கேட்ட கதை

எல்லாருக்கும் வணக்கம். பழைய சிரிப்பு நடிகர்களைப் பத்திப் பேசுங்கன்னு ரொம்ப பேர் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. இன்னிக்குப் பேசிடலாம். நாகேஷ், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், தங்கவேலு, ஆச்சி மனோரமா எல்லாரும் வருவாங்க. ஆனா முதல்ல நான் பேச ஆசைப்படுறது, அவங்க பேசும்போது எதிர்ல உக்காந்து கேட்டாங்களே, அந்த ஆளுங்களைப் பத்தி. அவங்களுக்கு நாம கைதட்டினதே கம்மி. அந்தக் குறை எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கு.

‘காதலிக்க நேரமில்லை’ எடுத்துக்குங்க. 1964, ஸ்ரீதர் படம். அதுல செல்லப்பாவா வர்ற நாகேஷ், தன் அப்பாவா வர்ற டி.எஸ்.பாலையாகிட்ட சினிமாக் கதை சொல்ற காட்சி. தமிழ்நாட்டுல அந்தக் காட்சியைப் பார்க்காதவங்களைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். நாகேஷ் வாயாலேயே சத்தம் எல்லாம் கொடுத்து, பயமுறுத்துற கதை ஒண்ணை நடிச்சுக் காட்டுவாரு. ஐம்பது தடவை பார்த்தவங்களும் நாகேஷைத்தான் பார்த்திருப்பாங்க. இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. அந்தக் காட்சியைப் போட்டு, நாகேஷ் பக்கம் கண்ணைத் திருப்பாம, டி.எஸ்.பாலையாவை மட்டும் பாருங்க.

என்ன பண்றாருன்னு சொல்றேன். முதல்ல அது ஒரு பணக்கார அப்பாவோட முகம். பையன் உருப்படாத வேலைல இறங்கிட்டானேங்கிற நினைப்பு, சரி என்னதான் சொல்றான்னு பார்ப்போம்ங்கிற ஒரு அலட்சியம். கதை ஆரம்பிக்குது. அந்த அலட்சியம் ஒரேயடியா போயிடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கழலும். முதல்ல கண்ணு கதைக்குள்ள போகும், உடம்பு இன்னும் நாற்காலிலதான் இருக்கும். அப்புறம் கழுத்து. அப்புறம் உதடு துடிக்கும். ஒரு கட்டத்துல அவர் அந்த வீட்டுலயே இல்ல, பையன் சொல்ற இருட்டுக்குள்ள தனியா நிக்கிறாரு. வளர்ந்த மனுஷன் ஒருத்தர் நம்ம கண்ணு முன்னாடி குழந்தையா மாறிட்டாரு, ஆனா எந்த நொடியில மாறினாருன்னு நம்மால சொல்லவே முடியாது. நமக்கு அந்தக் கதை பயமா இல்லையே, ஏன் சிரிப்பு வருது? அவர் பயப்படுறதாலதான். நாகேஷ் சொன்னது ஒரு ஆளுக்கு, பாலையா கேட்டது நம்ம எல்லாருக்கும் சேர்த்து.

அப்போ பாலையாவுக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வயசு. 1914ல பிறந்தவரு. நாடக மேடையில இருந்து வந்து, 1936ல ‘சதி லீலாவதி’யில அறிமுகமானவரு. எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம், கலைவாணரும் அதுல இருந்தாரு, எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கின படம். அங்க தொடங்கி வில்லனா, நண்பனா, அப்பாவா எத்தனையோ வேஷம் போட்டு, 28 வருஷம் கழிச்சு இந்தக் காட்சிக்கு வர்றாரு. எதிர்ல நிக்கிற நாகேஷுக்கு முப்பது வயசுதான். அந்த வருஷம்தான் ‘சர்வர் சுந்தரம்’ வேற வந்து அவர் எங்கேயோ போயிட்டு இருந்த நேரம். இவ்வளவு அனுபவம் உள்ள மூத்தவர், ஒரு இளைஞன் சொல்ற கதையைக் கேட்கிறதையே தன்னோட வேலையா எடுத்துக்கிட்டு உக்காந்தாரு. நடுவுல புகுந்து ஒரு சேட்டை பண்ணி சிரிப்பை வாங்கிக்கிட்டுப் போயிருக்கலாம். அவருக்குத் தெரியாத சேட்டையா? பண்ணல. பண்ணாததாலதான் அறுபது வருஷம் கழிச்சும் அந்தக் காட்சி நிக்குது. எனக்கு இதுல துளிகூட சந்தேகம் கிடையாது.

நம்மள்ல நிறைய பேருக்கு இது கண்ணுல படாம போனதுக்குக் காரணம் இருக்கு. பழைய படங்களை ஒரு தலைமுறை காதாலதான் பார்த்துச்சு. வானொலியில ஒலிச்சித்திரம், கோயில் திருவிழான்னா குழாய் ஒலிபெருக்கியில ‘திருவிளையாடல்’ கதை வசனம். தருமி புலம்பறதை மனப்பாடமா ஒப்பிக்கிறவங்க ஊருக்கு ஊர் இருந்தாங்க. அது பெரிய பாக்கியம்தான், நான் குறைச்சு சொல்லல. ஆனா ஒலிபெருக்கியில பேசறவங்க மட்டும்தானே வருவாங்க. கேட்கிறவங்களோட முகம் வராது. இப்போ அரை நிமிஷத் துணுக்கு வீடியோ பார்க்கிறோம், அதுலயும் அதே கதைதான். பஞ்ச் மட்டும் இருக்கும். அந்த பஞ்சுக்காக எதிராளி பொறுமையா கட்டிக்கிட்டு வந்த இரண்டு நிமிஷத்தை வெட்டித் தூக்கியிருப்பாங்க.

சரி, இந்தக் கேட்கிற வித்தை எங்க இருந்து வந்துச்சு? பெரும்பாலும் மேடையில இருந்துதான்னு நான் நினைக்கிறேன். சின்னப் பசங்களை வச்சு நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி காலத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல மதுரையில ஆரம்பிச்ச தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எத்தனையோ கம்பெனிகள். சின்னப் பசங்க கம்பெனியோடவே தங்கி, பாட்டு, வசனம், வாய்ப்பாடம் எல்லாம் கத்துக்கிட்டாங்க. மேடையில குளோசப் கிடையாது. வெட்டி ஒட்டறது கிடையாது. உனக்கு வசனம் இல்லாத நேரத்துலயும் ஜனங்க உன்னைப் பார்த்துக்கிட்டேதான் இருப்பாங்க. நீ சும்மா நின்னா காட்சி செத்துடும். அடுத்தவன் பேசும்போது உயிரோட நிக்கிறதுங்கிறதே அங்க தனிப் பாடம். சினிமாவுல அந்தப் பாடத்துக்கு அவ்வளவு அவசியம் இல்ல, உன் வசனம் முடிஞ்சா கேமரா அடுத்தவர் பக்கம் போயிடும். ஆனா அந்தப் பாடத்தோட சினிமாவுக்கு வந்தவங்க இருந்தாங்க, அவங்க இருந்த காட்சி எல்லாம் இன்னிக்கும் மணக்குது.

கலைவாணரை இங்கதான் சொல்லணும். என்.எஸ்.கிருஷ்ணன், நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர், 1908ல பிறந்தவரு. அவர் மண்ணு நாஞ்சில் நாடு, வில்லுப்பாட்டோட மண்ணு. வில்லுப்பாட்டு நேர்ல பார்த்தவங்களுக்குத் தெரியும், அதுல ஒருத்தர் கதை சொல்லுவாரு, கூட இருக்கிறவங்க ஆமா போடுவாங்க. அந்த ‘ஆமா’வைச் சும்மா நினைச்சுடாதீங்க! ஒரு ஆமாவுல ஆச்சரியம் இருக்கும், இன்னொரு ஆமாவுல சந்தேகம் இருக்கும், அழுகை இருக்கும், அட விடுய்யாங்கிற கேலியும் இருக்கும். கேட்கிறவரும் அங்க கலைஞர்தான். ஆமா போடறவர் தூங்கினா கதை சொல்றவர் என்ன கத்தினாலும் எடுபடாது. கலைவாணர் வில்லுப்பாட்டும் நடத்தினாரு, 1949ல வந்த ‘நல்லதம்பி’யில நந்தனார் கதையோட பாணியிலேயே கிந்தனார் காலட்சேபமும் பண்ணினாரு. அது படிப்பைப் பத்தின கதை. அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தா, கதை சொல்றவருக்கும் கூட இருக்கிறவங்களுக்கும் நடுவுல ஓடற அந்தப் போக்குவரத்தைப் பாருங்க. அதுலதான் ரசமே இருக்கு.

அவரும் டி.ஏ.மதுரமும் நிஜத்துலயும் தம்பதி. அவங்க சேர்ந்து வர்ற காட்சிகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், மதுரம் அம்மா அவருக்குத் துணையா மட்டும் நிக்க மாட்டாங்க. எதிர்ப்பேச்சு பேசுவாங்க, மடக்குவாங்க, புத்தி சொல்லுவாங்க. அவரும் அந்தம்மாகிட்ட தோத்துப் போறதுல சந்தோஷப்படுவாரு. 1930கள், 40கள்ல ஒரு பெரிய நடிகர் தன் மனைவிகிட்ட திரையில தோத்துத் தோத்து ஜனங்களைச் சிரிக்க வச்சாரு. அந்தப் பெருந்தன்மைக்கு நான் எப்பவும் தலை வணங்குவேன்.

தங்கவேலு, எம்.சரோஜா ஜோடியும் அப்படித்தான், அவங்களும் நிஜ வாழ்க்கையில சேர்ந்தவங்க. 1959ல ‘கல்யாணப் பரிசு’. எழுத்தாளர் பைரவன், மன்னார் அண்ட் கம்பெனி, இதெல்லாம் நம்ம பேச்சுவழக்குலயே கலந்துடுச்சு. வேலையே இல்லாத ஒருத்தர் வேலைக்குப் போறதா அளந்து விடுவாரு. அந்த அளப்பை நம்பற சரோஜா அம்மாவோட முகம் மட்டும் கொஞ்சம் தப்பா இருந்திருந்தா, அந்த மனைவியை முட்டாள்னு நாம நினைச்சிருப்போம். நினைக்க மாட்டோம். புருஷன் மேல உள்ள பெருமையில நம்பறாங்கன்னுதான் தோணும். அதனாலதான் பொய் வெளியில வரும்போது சிரிப்போட சேர்ந்து லேசா ஒரு வலியும் வருது.

சந்திரபாபுவை இந்த வரிசையில எங்க வைக்கறதுன்னா, அவர் தனி. தூத்துக்குடியில பிறந்தவரு, தன் பாட்டைத் தானே பாடி, குரலைச் சட்டுச் சட்டுனு மேலயும் கீழயும் மாத்திப் பாடற யோடலிங் எல்லாம் தமிழ்ப் பாட்டுக்குள்ள கொண்டு வந்தவரு. அவர் திரையில வந்தா அவரை மட்டும்தான் பார்க்க முடியும். அவருக்குன்னு தனியா ஒரு வீடியோவே போடணும், இப்போ இரண்டு வரியில சொல்லி அவரைக் குறைக்க எனக்கு மனசு வரல.

மறுபடி நாகேஷ், பாலையாகிட்ட வர்றேன். ‘திருவிளையாடல்’, 1965. பாலையாதான் ஹேமநாத பாகவதர். தலைக்கனம் பிடிச்ச வித்துவான். பாலமுரளிகிருஷ்ணா குரலுக்கு அவர் வாயசைச்ச அந்த ஆணவத்தை எல்லாரும் ரசிச்சிருக்கோம். அதுக்கப்புறம் வர்றதைக் கவனிங்க. விறகு விக்கிறவரா வந்த சிவாஜி பாடறாரு, பாகவதர் கேட்கிறாரு. இங்கயும் கேட்கிற வேலைதான்! முந்தின வருஷம் கதை கேட்டு நடுங்கின அதே மனுஷன், இப்போ பாட்டு கேட்டு உடையறாரு. அங்க பயம், இங்க கர்வம் கரையறது. இரண்டுக்கும் முகத்துல ஒரு ரேகைகூட ஒண்ணா இருக்காது.

அதே படத்துலதான் தருமி. அங்க நாகேஷ் கேள்வி கேட்க, சிவாஜி சார் பதில் சொல்வாரு. நடிகர் திலகம், அதுவும் சிவபெருமான் வேஷம். அவ்வளவு பெரிய உருவத்துக்கு முன்னாடி நாகேஷ் ஒல்லியான உடம்பை வளைச்சு, நெளிச்சு, ஒவ்வொரு பதிலுக்கும் இன்னும் கொஞ்சம் சின்னதா ஆயிடுவாரு. சிவாஜி சார் அந்தக் காட்சியை விட்டுக்கொடுத்த அழகைப் பாருங்க. கம்பீரமா, அளவா பதில் சொல்லிட்டு நிப்பாரு. மூணு வருஷம் கழிச்சு ‘தில்லானா மோகனாம்பாள்’ல ஜில் ஜில் ரமாமணி பேசும்போதும் அதேதான். மனோரமா ஆச்சியோட பேச்சு நிக்காம ஓடுது, நாதஸ்வர வித்துவானா இருக்கிற சிவாஜி சார் அதை ரசிச்சுக் கேட்கிறாரு. ஆச்சி ஆயிரத்துக்கும் மேல படம் நடிச்சு கின்னஸ்ல இடம் பிடிச்சவங்க. ஆனா ஆச்சின்னதும் பாதி தமிழ்நாட்டுக்கு முதல்ல ஞாபகம் வர்றது ரமாமணிதான். ஏ.பி.நாகராஜன் அந்தப் படத்துல தவிலுக்கு பாலையாவை உக்கார வச்சிருப்பாரு. பக்கவாத்தியம்னா கேட்டுக்கேட்டு வாசிக்கிறதுதானே. அந்த வேஷத்துக்கு வேற ஆளை யோசிக்கவே முடியல. நாதஸ்வரம் பக்கம் திரும்பற அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இதுக்கு நடுவுல 1967ல ‘பாமா விஜயம்’. பாலசந்தர் படம். மறுபடியும் பாலையா அப்பா, நாகேஷ் பையன்கள்ல ஒருத்தர். 1972ல பாலையா போயிட்டாரு, 58 வயசுகூட முழுசா வாழல.

கடைசியா ஒண்ணு. 1994, ‘மகளிர் மட்டும்’. நாகேஷுக்கு வயசு அறுபதைத் தாண்டிடுச்சு. அதுல அவருக்குக் கொடுத்த வேஷம் பிணம். ஒரு வசனம் கிடையாது. கண்ணு சிமிட்டக் கூடாது. வாயாலயும் உடம்பாலயும் தமிழ்நாட்டையே ஆட்டி வச்ச மனுஷனுக்கு ரெண்டையுமே கொடுக்கல. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூணு பேரும் அந்தப் பிணத்தை வச்சுக்கிட்டு தவிக்கிற தவிப்புல தியேட்டரே குலுங்குச்சு. பேசறது, கத்தறது, ஓடறது எல்லாம் அவங்க. நாகேஷ் அப்படியே கிடக்கிறாரு, இழுத்த இழுப்புக்கு வர்றாரு, சாய்ச்ச பக்கம் சாயறாரு. அந்த உடம்பு எந்த நேரத்துல எவ்வளவு தளரணும்ங்கிற கணக்கு இருக்கே, அது நாற்பது வருஷ உழைப்பு. ‘காதலிக்க நேரமில்லை’ வந்து சரியா முப்பது வருஷம் கழிச்சு, பாலையா இவருக்குக் கொடுத்த இடத்தை இவர் அந்த மூணு பெண்களுக்கும் கொடுத்தாரு. இதை யோசிச்சா எனக்கு இப்பவும் கண்ணு கலங்குது.

உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா, அவங்ககூட உக்காந்து இந்தக் காட்சிகளை முழுசா பாருங்க, துணுக்கா வேணாம். பார்க்கும்போது பேசாதவர் யாருன்னு தேடுங்க. வி.கே.ராமசாமி, எம்.ஆர்.ராதா, டி.பி.முத்துலட்சுமி, இவங்கள்லாம் எதிராளியா நின்ன காட்சிகள்ல உங்களுக்குப் பிடிச்சது எதுன்னு கீழ எழுதுங்க. அடுத்த வாரம் சந்திரபாபு. அவர் பாட்டையும் ஆட்டத்தையும் தனித்தனியா பிரிச்சுப் பார்க்கலாம். வர்றேன், வணக்கம்.