எண்ணெய்ச் சிக்கு, இதய நோய், சாண்டி லேக்

வணக்கம் நண்பர்களே. கையில் இருப்பது போன மாதம் பொரித்த முறுக்கு. டப்பாவைத் திறந்ததும் சிக்கு வாடை அடிக்கிறது. எண்ணெயில் காற்று பட்டுப் பட்டு வந்த வாடை இது. ஏறக்குறைய இதேதான் நம் ரத்தக் குழாயின் சுவருக்குள்ளும் நடக்கிறது. கெட்ட கொழுப்பு என்கிறோமே, அந்த எல்டிஎல் சுவருக்குள் புகுந்து சிக்கேறும். வெள்ளை அணுக்கள் அதை விழுங்கி விழுங்கி உப்பி, அங்கேயே தேங்கிவிடும். அடைப்பு தொடங்குவது அப்படித்தான்.

அந்தச் சிக்கைத் தடுக்க ஒரு நொதி இருக்கிறது. பாராக்சோனேஸ், சுருக்கமாகப் பான்1. கல்லீரலில் உருவாகி, நல்ல கொழுப்பான எச்டிஎல்லில் தொற்றிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும். பாரத்தியான் பூச்சிமருந்து உடம்புக்குள் போனால் பாராக்சான் என்ற கடும் நஞ்சாகும். அதை உடைக்கும் நொதி என்பதால் வந்த பெயர் இது. இந்த நொதி இல்லாத எலிகளை 1998இல் உருவாக்கிப் பார்த்தார்கள். கொழுப்புத் தீனி தின்றதும் மற்ற எலிகளைவிட அவற்றின் குழாய்களில் படிவு அதிகம் சேர்ந்தது.

நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறும். அதற்கு மரபணு ஒரு காரணம். புகைபிடித்தாலும் குறையும், சர்க்கரை நோய் வந்தாலும் குறையும். நான் பேச வந்தது இந்தச் சர்க்கரையைப் பற்றித்தான்.

கனடாவில் ஒன்டாரியோவின் வடமேற்கில் சாண்டி லேக். ஓஜி-க்ரீ பழங்குடியினரின் ஊர். விமானத்தில் போகலாம், இல்லையென்றால் குளிர்காலத்தில் மட்டும் திறக்கும் பனிச்சாலை. 1997இல் வெளியான ஆய்வில், அங்கே 100 பேருக்கு 26 பேர் என்ற அளவில் சர்க்கரை நோய். நோய்க்குத் துணைபோகும் ஒரு மரபணு மாற்றத்தையும் 1999இல் அவர்களிடம் கண்டார்கள். "அவர்கள் மரபணு அப்படி" என்று பேச்சை முடித்துவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மரபணு பாட்டன் பூட்டனிடமும் இருந்ததுதானே? வேட்டையாடி, மீன் பிடித்து வாழ்ந்த அவர்களிடம் சர்க்கரை நோய் அரிது. ஓரிடத்தில் குடியமர்ந்து, கடைச் சாப்பாட்டுக்கு மாறிய பிறகுதான் இது பெருகியது. அந்தக் கடைக்கும் காய்கறி, பழம் எல்லாம் பெரும்பாலும் விமானத்தில்தான் வரவேண்டும். விலையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், அந்த ஊர் சும்மா இருக்கவில்லை. ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவையும் உடற்பயிற்சியையும் பற்றித் தனிப் பாடமே கொண்டுவந்தார்கள்.