கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்த அம்மா

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்தில் வீடு விற்கிறவர்களுக்குச் சட்ட வேலை பார்ப்பது என் தொழில். பழைய வீடு என்றால் ஒரு பொலிசியின் பெயர் கட்டாயம் காதில் விழும்: இன்டெம்னிட்டி. தமிழில் இழப்பீட்டுக் காப்புறுதி என்று வைத்துக்கொள்வோம்.

லண்டன் ஹரோவில் 1930களில் கட்டிய வீடு ஒன்று. அதை விற்க வந்த அம்மா 1998இல் சாமித்தட்டு வைக்க இடம் போதவில்லை என்று கீழ் அறைப் புகைபோக்கிச் சுவரை இடித்துவிட்டார். மேல்மாடியில் அதே புகைபோக்கி அப்படியே நிற்கிறது. அந்தச் செங்கல் பாரத்தை எது தாங்குகிறது என்று வாங்குபவருக்காக வீட்டைச் சோதித்த சர்வேயர் கேட்டார். வேலை விதிப்படி நடந்தது என்று கவுன்சில், அதாவது உள்ளூராட்சி சபை, தரும் கட்டட விதிச் சான்றிதழ் இல்லை. இடித்த மேசன் ஊருக்கே போய்விட்டார்.

இத்தகைய இடத்தில்தான் இரு பக்கச் சட்டத்தரணிகளும் பொலிசியைப் பேசுவார்கள். பணம் ஒரே ஒரு தடவைதான். வழக்கமாக விற்பவர் கட்டுவார். அதன் பின் வீட்டை யார் வாங்கினாலும், கடன் கொடுத்த வங்கிக்கும்கூட, அது செல்லும். அனுமதியில்லாத வேலை என்று கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் செலவையும், வீட்டு விலை இறங்கினால் அந்த நட்டத்தையும் காப்புறுதிக் கம்பனி ஏற்கும். ஆனால் புகைபோக்கி இறங்கினால் ஒரு பென்னியும் தராது. அந்தப் பொலிசி பார்ப்பது காகிதத்தை, செங்கல்லை அல்ல. பத்துப் பேரில் ஒன்பது பேர் இதை மாற்றி விளங்கிக்கொள்கிறார்கள்.

தேவாலயப் பழுதுச் செலவு வீட்டுக்காரர் தலையில் விழாமல் இருக்கவும் இப்படி ஒரு பொலிசி உண்டு. வார்விக்‌ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற கிராமத்தில் பண்ணை நிலம் வைத்திருந்த தம்பதியர், ஊர்த் தேவாலயத்தின் ஒரு பகுதியைப் பழுதுபார்க்கும் செலவைத் தரவேண்டும் என்று 2003இல், அன்று அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அந்த நிலத்தோடு ஒட்டிவந்த மிகப் பழைய கடமை அது. அன்றிலிருந்து சில பத்துப் பவுணுக்குத் தேவாலயப் பொலிசி எடுப்பது வழக்கமாயிற்று.

அம்மாவிடம் வருவோம். பெரும்பாலான பொலிசிகளில் ஒரு நிபந்தனை இருக்கும்: இந்த வேலை பற்றி யாரும் கவுன்சிலுடன் பேசியிருக்கக் கூடாது. தூங்குகிற நாயைத் தட்டி எழுப்பிவிட்டு, கடித்தால் நட்டஈடு தா என்று கேட்டால் எந்தக் கம்பனி தரும்? இதை நான் சொல்வதற்கு முதல் நாளே அம்மா, எதையும் மறைக்கக் கூடாது என்று கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்து, விலாசத்தோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பொலிசி தர ஒரு கம்பனியும் முன்வரவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லத் தேவையில்லை.

மீதி இருந்த ஒரே வழி, பின்னாளில் சான்றிதழ் பெறுவது. 1985 நவம்பர் 11க்குப் பிறகு செய்த வேலைக்கு அப்படி விண்ணப்பிக்கலாம். கட்டணம் கட்டினோம். பரிசோதகர் வந்து, சாமித்தட்டுக்கு மேலே கூரைப் பூச்சில் ஒரு சாண் அகலம் உடைக்கச் சொன்னார்.

உள்ளே இரும்பு உத்தரம் இல்லை, தாங்கியும் இல்லை. ஒரு மரப்பலகை இருந்தது, நடுவில் வளைந்து.

அம்மா படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி முன்னறைக்குக் கொண்டுபோனார். உத்தரம் வைத்து, சான்றிதழ் கைக்கு வந்து, வீடு விற்க நாலு மாதம் பிந்தியது. பொலிசி கிடைத்திருந்தால், அந்தப் பலகைக்கு மேல் படுக்கை போட்டிருக்கப்போவது வாங்க வந்தவர்களின் இரண்டு பிள்ளைகள்.